பெஸ்ஸெமர் உரிமம் விற்று ஏமாற்றினாரா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஹென்றி பெஸ்ஸெமர் மலிவாக எஃகு செய்ய வழி கண்டார் என்கிறீர்கள். ஆனால் அவரிடம் பணம் கட்டி உரிமம் வாங்கியவர்களுக்கு எஃகே வரவில்லையாமே? அப்படியானால் அது மோசடிதானே?"

மோசடி இல்லை. அவசரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1856 ஆகஸ்டில் செல்ட்டனம் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் தன் முறையை அவர் விளக்கினார். உருகிய வார்ப்பிரும்புக்குள் அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும், அவ்வளவுதான். காற்று பட்டால் இரும்பு குளிர்ந்துவிடாதா என்று தோன்றும். குளிராது. இரும்பில் இருக்கும் சிலிக்கானும் கார்பனும் எரியும்போது வரும் சூடே போதும், தனியாக விறகோ கரியோ வேண்டாம். அரைமணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கேட்டவர்கள் விடுவார்களா? சில வாரங்களில் 27,000 பவுண்டுக்கு உரிமம் விற்றது.

வாங்கியவர்கள் ஊதிப் பார்த்தார்கள். சுத்தியலால் அடித்தால் நொறுங்குகிற இரும்புதான் வந்தது. காரணம் பாஸ்பரஸ். பெஸ்ஸெமர் சோதனைக்குப் பயன்படுத்திய வேல்ஸ் நாட்டு பிளெனாவன் இரும்பில் அது குறைவு. அதை அவர் பார்த்துப் பொறுக்கி எடுக்கவில்லை, தற்செயலாக அமைந்தது. மற்றவர்களின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். எவ்வளவு ஊதினாலும் அந்த உலையில் அது போகாது. தன் முறை ஏன் பலித்தது என்பதே அப்போது அவருக்குத் தெரியாது!

வேறு ஒருவராக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பார். இவரிடம் கைக்காசு இருந்தது. 1840களிலேயே தங்க நிறப் பூச்சுக்கான வெண்கலப் பொடியை இயந்திரத்தில் அரைத்து நன்றாகச் சம்பாதித்திருந்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. வாங்கினால் ரகசியம் வெளியே போய்விடும் அல்லவா? இயந்திர பாகங்களை வெவ்வேறு பட்டறைகளில் செய்யச் சொல்லி, உள்ளே வேலைக்கு மைத்துனர்களை வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், எஃகைவிட இந்தப் பொடி விஷயத்தில்தான் அவருடைய வியாபார மூளை நன்றாகத் தெரிகிறது.

சரி, எஃகுக்கு வருவோம். பாஸ்பரஸ் குறைந்த இரும்பைத் தேடிப் பிடித்து, 1858இல் ஷெஃபீல்டு நகரில், எஃகு வியாபாரிகளின் நடுவிலேயே, சொந்த ஆலை போட்டார். மற்றவர்களைவிட டன்னுக்கு 10 பவுண்டுக்கு மேல் குறைத்து விற்றார். நம்பாதவர்களும் அப்புறம் உரிமம் கேட்டு வந்தார்கள். உரிமத் தொகையாகவே பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது.

என்னைப் பொறுத்தவரை, குறை சொல்வதானால் ராபர்ட் முஷெட் விஷயத்தில் சொல்லலாம். காற்று ஊதிய இரும்பில் ஆக்சிஜன் தங்கிவிடும். மாங்கனீசு உள்ள இரும்பைக் கொஞ்சம் சேர்த்தால் அது சரியாகும் என்று காட்டியவர் முஷெட். கட்டணம் கட்டாததால் அவருடைய காப்புரிமை காலாவதியாகிவிட்டது. சில வருடங்கள் கழித்து அவருடைய பதினாறு வயது மகள் மேரி, லண்டனுக்கே போய் பெஸ்ஸெமரிடம் நியாயம் கேட்டாள். அதன் பிறகு முஷெட்டுக்கு வருடம் 300 பவுண்டு கொடுத்துவந்தார். கொடுக்கும் கடமை தனக்கு இல்லை என்பதுதான் பெஸ்ஸெமரின் வாதம். சட்டப்படி அது சரி. ஆனால் பத்து லட்சத்துக்கு முன்னால் அந்த 300 ரொம்பக் குறைச்சல்தான். அடுத்த கேள்விக்குப் போவோம்.