ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோ விநாடி

நேயர்களுக்கு வணக்கம். "பத்து ஜிகாபிட் இணைப்பு வாங்கிவிட்டோம், ரூட்டரில் எந்த இயங்குதளத்தைப் போடலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நொடிக்கு எத்தனை பாக்கெட், அதாவது எத்தனை தரவுத் துண்டு, வரும் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

ஜிகாபிட் கணக்கு ஆளை ஏமாற்றும். பெரிய கோப்புகள் இறங்கும்போது பாக்கெட்டுக்கு 1500 பைட் வீதம் வருவதால், பத்து ஜிகாபிட் நிரம்பினாலும் நொடிக்கு எட்டு லட்சம் பாக்கெட்தான். அதே கம்பியில் 64 பைட் பொடிகளாக வந்தால் 1 கோடியே 48 லட்சம்! ஒன்றுக்கு 67 நானோ விநாடி. அதற்குள் முகவரி பார்த்து, வழி தேடி, அடுத்தது வருமுன் அனுப்பிவிட வேண்டும். ரூட்டரைத் திணறடிக்க நினைப்பவர்கள் பொடிகளைத்தான் கொட்டுவார்கள்.

ரூட்டருக்கான இயங்குதளங்களில் எனக்குப் பிடித்தது ஓப்பன்பிஎஸ்டி. எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும், 2001-இல் வந்த அதன் பிஎஃப் வடிகட்டியின் விதிகளை வாக்கியம்போல வாசிக்கலாம். ஆனால் அதன் மையப் பகுதியான கெர்னல் நெடுங்காலம் ஒரே பெரிய பூட்டுக்குள் இருந்தது: ஒரு நேரத்தில் செயலியின் ஒரு கோர் மட்டுமே உள்ளே வேலை செய்யலாம். கோர்கள் எத்தனை இருந்தாலும் பாக்கெட் வேலை ஒன்றின் தலையில்தான். அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தி வருகிறார்கள். அலுவலக வாசலுக்கு ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் மேல் அமைந்த ஓபிஎன்சென்ஸ் போதும். நெரிசல் மிகுந்த இடத்துக்கு நான் லினக்ஸைத்தான் சொல்வேன். அதில் 2016-இல் வந்த எக்ஸ்டிபி வசதி, வேண்டாத பாக்கெட்டை நெட்வொர்க் கார்டின் டிரைவரிலேயே தூக்கி எறிந்துவிடும்; வழித்தட வேலைக்கு பேர்ட், எஃப்ஆர்ஆர் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

ஆனாலும் லினக்ஸைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட முடியாது. ஒரு மாணவர் விடுதியில் நாங்கள் வைத்த ரூட்டர் இரவு எட்டு மணி ஆனால் முனகத் தொடங்கும். எட்டு கோர்களில் ஏழு சும்மா கிடக்க, ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் கொதித்தது. நெட்வொர்க் கார்டில் பாக்கெட்டுகளைக் கோர்களிடம் சேர்க்கும் வரிசைகளில் ஒரே ஒன்றைத்தான் நாங்கள் இயக்கியிருந்தோம். எட்டாகப் பிரித்ததும் சுமை பரவியது.

மறுநாள் வேறு புகார்: ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ ஓடுகிறது, புதிய பக்கம் திறக்கவில்லை. கெர்னல் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: கான்ட்ராக் அட்டவணை நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன். நடப்பில் உள்ள இணைப்புகளைக் குறித்துவைக்கும் அட்டவணை அது; நிரம்பினால் புதிய இணைப்புக்கு இடமில்லை. அட்டவணையின் அளவைக் கூட்ட ஒரு கட்டளை போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க, லினக்ஸை எடுத்துவிட்டு வேறு எதைப் போடலாம் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.