முடிவு அவள்ட கையில, நடுவர் ஐயா

வணக்கம் நடுவர் ஐயா, வணக்கம் எதிரணி அண்ணன்மார், மறுகா முன்னுக்கு கதிரையில இருக்கிறவங்களுக்கும் பின்னால மணல்ல பாய் போட்டு இருக்கிற ஆச்சிமாருக்கும் வணக்கம். கச்சான் சுருளை மட்டும் கொஞ்சம் மெதுவா பிரிங்க, மைக் அதையும் சேர்த்து இழுக்குது.

தலைப்பு என்ன? "காட்டு விலங்குகள் சோடி சேரும்போது முடிவைத் தீர்மானிப்பது ஆணின் பலமா, பெண்ணின் தெரிவா?" பலம்தான் எண்டு பேசிட்டு இப்பதான் அண்ணன் கதிரையில போய் இருந்தார். நல்லாத்தான் பேசினார், நான் இல்லையெண்டு சொல்லல்ல. மதம் பிடிச்ச யானையைக் கொண்டுவந்தார், கொம்பு கோத்துக்கிட்ட மானைக் கொண்டுவந்தார், கலிபோர்னியாக் கடற்கரையில இருந்து ரெண்டாயிரம் கிலோ கடல்யானை எண்டுற பெரிய சீல் ஒண்டையும் இழுத்துக்கொண்டு வந்து இந்த மேடையில போட்டார், பாவம் அவருக்கே மூச்சு வாங்கிட்டு. ஆனா மூணு கதையிலயும் ஆம்பிளைக்கும் ஆம்பிளைக்கும் நடந்த சண்டைதான் இருந்திச்சு. ஆர் வெண்டது எண்டு சொன்னார். வெண்டவன் கிட்டப் போனப்போ அவள் என்ன செய்தாள் எண்டு ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் சொன்னாரா ஐயா? அவள் அந்தக் கதையிலயே இல்ல.

அதுவும் எங்க வந்து சொல்றார்? மட்டக்களப்பில. என்ன குடி எண்டு கேட்டா தாய்ர குடியைச் சொல்ற ஊர் இது, வீடு வளவை பொம்பிளைப் புள்ளைக்கு எழுதுற ஊர், மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிட்டு பொண்ணு வீட்டுக்கு வந்து சேர்ற ஊர். இஞ்ச நிண்டுகிட்டு ஆம்பிளைதான் முடிவெடுக்கிறான் எண்டு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும், அதுக்காக அண்ணனுக்கு ஒரு கைதட்டல் குடுங்க.

சரி, யானைக்கு வாறன். இந்தச் சனத்துக்கு யானையைப் பத்தி நான் படிப்பிக்கத் தேவையில்ல, படுவான்கரையில வயல் வாடியில யானை வெடியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ராவெல்லாம் காவல் இருந்தவங்க இந்தக் கூட்டத்துலயே கனபேர் இருக்காங்க. மதம் பிடிச்ச அலியன், அதான் தந்தம் இல்லாத ஆண் யானை, எப்பிடி வரும் எண்டு அவங்களுக்குத் தெரியும், கண்ணுக்கும் காதுக்கும் இடையில எண்ணெய் மாதிரி வடிஞ்சு, பின்கால் ரெண்டும் மூத்திரத்துல நனைஞ்சு, ஆளைக் காண முந்தியே அந்த நாத்தம் காத்துல வந்துரும். அண்ணன் தந்தம்தான் ஆயுதம், ஆயுதம் உள்ளவனுக்குத்தான் சோடி எண்டு சொன்னார். இலங்கையில ஆண் யானை நூறு எடுத்தா தந்தம் இருக்கிறது பத்துக்கும் குறைவு ஐயா. மத்ததெல்லாம் அலியன்தான். கல்லோயாக் காட்டுல சேனநாயக்க சமுத்திரத்துல தீவுக்குத் தீவு நீந்திப் போற கூட்டத்துல குட்டிகள் இருக்கே, அதெல்லாம் கொம்பன் மட்டும் பெத்த குட்டியா?

இப்ப அவளைப் பாப்பம். பொம்பிளை யானை கிட்டத்தட்ட நாலு மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் சில நாள்தான் சேர்றதுக்கு இணங்கும். அந்த நாள் எப்ப எண்டு அறிவிக்கிறதும் அவள்தான், சிறுநீர்ல ஒரு வாசனையை விடுவாள், அது என்ன இரசாயனம் எண்டு 1996ல கண்டுபிடிச்சாங்க, விட்டில் பூச்சிகள் கனக்க இனம் பாவிக்கிற அதே சாமான். இந்தப் பெரிய அலியன் வந்து தும்பிக்கை நுனியால அதைத் தொட்டு, வாய்க்குள்ள மேலண்ணத்துல வச்சுப் பாக்கும். இல்லையெண்டா நடையைக் கட்டும். இருக்குது எண்டாலும் உடனே காரியம் முடியிறதில்ல. கென்யாவில அம்போசெலியில வருசக்கணக்கா யானைகளுக்குப் பின்னால திரிஞ்சவங்க எழுதி வச்சிருக்காங்க, இளந்தாரி ஆண்கள் துரத்தினா அவள் ஓடுவாள், பாரம் குறைஞ்ச உடம்பு எண்டதால ஓடினா பிடிக்கிறது லேசில்ல, மதத்துல இருக்கிற பெரிய ஆண் ஒண்டு வந்தா மட்டும் அவனுக்குக் கிட்டப் போய் நிண்டுக்குவாள், மத்தவங்களை அவன் பாத்துக்குவான்.

அண்ணன் கையத் தூக்குறார், "அப்ப பலசாலியைத்தானே எடுத்தா" எண்டு. எடுத்தாள் அண்ணே, எடுத்தாள்! நான் அதைத்தான் சொல்றன். பலத்துக்கு மார்க்ஸ் இருக்கு, பேப்பர் திருத்துறது அவள்.

யானை பெரிய இடம், சின்ன ஆளுக்கு வருவம். வயலுக்குப் போற பாதையில தண்ணி ஓரமா நிக்கிற மரத்துல தூக்கணாங்குருவிக் கூடு தொங்குமே, அதைப் பாக்காத ஆள் இஞ்ச இருக்க மாட்டாங்க. ஆனா பாதியில விட்ட கூடு ஏன் அவ்வளவு கிடக்கு எண்டு யோசிச்சிருக்கீங்களா? கட்டுறது ஆண். நெல்லுத் தாள்லயும் தென்னோலையிலயும் ஓரத்துல சொண்டால ஒரு வெட்டு வெட்டி, அதைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே பறக்கும், நார் நீளத்துக்குக் கிழிஞ்சு வரும். ஒவ்வொரு நாரா கொண்டுவந்து கிளையில சுத்தி, முடிச்சுப் போட்டு, வளையம் பின்னி, அந்த வளையத்துல தானே குந்திக்கிட்டு முன்னுக்கும் பின்னுக்கும் பின்னும். அரைவாசி வந்ததும் கீழ்ப்பக்கம் திறந்து, குறுக்கால ஒரு பட்டி ஓடுற மாதிரி நிக்கும், ஹெல்மெட் கட்டம் எண்டு அதுக்குப் பேர். உள்ளுக்கு ஈரமண்ணும் கொஞ்சம் அப்பி வச்சிருக்கும்.

அதோட வேலை நிண்டுரும் ஐயா. மிச்சத்தைக் கட்டமாட்டார். ஏன்? அனுமதி இல்ல. பொம்பிளைக் குருவிகள் கூட்டமா வரும், அண்டைக்கு அந்த மரமே கலவரமாயிரும், ஒவ்வொரு ஆணும் தன்ட அரைக்கூட்டுல தொங்கிக்கிட்டு செட்டையை அடிச்சு அடிச்சுக் கத்தும், மஞ்சள் தலை மின்னும். அவள் அவசரப்பட மாட்டாள். ஒரு கூட்டுக்குள்ள போவாள், குறுக்குப் பட்டியில இருந்து பாப்பாள், வெளியில வருவாள், பக்கத்துக் கூட்டுக்குப் போவாள். புடிச்சா இருப்பாள், புடிக்காட்டி பறப்பாள். புடிச்ச பிறகுதான் ஐயா முட்டை வைக்கிற அறையும் நீளமான வாசல் குழாயும் கட்டி முடிக்கிறார். புடிக்காத கூடு அப்பிடியே தொங்கிக் காயும். இந்தியாவில ஆராஞ்சு பாத்தவங்க சொல்றது இன்னும் பெரிய கதை, அவள் கூடு கட்டியிருக்கிற விதத்தை விட அது எந்த இடத்துல கிடக்கு எண்டுறதுக்குத்தான் கூட மதிப்புக் குடுக்கிறாளாம். இதுல பலம் எங்க இருக்கு அண்ணே, பக்கத்து ஆணை அடிச்சுத் துரத்தினாலும் காணி நல்லா இல்லாட்டி காரியம் நடக்காது.

மறுகா மயில். மயிலை எதிரணி தொடவே இல்ல, ஏனெண்டு தெரியுது. டார்வின் 1860ல ஒரு கடிதத்துல, மயில் தோகையில ஒரு இறகைப் பாத்தாலே எனக்கு வயித்தைக் குமட்டுது எண்டு எழுதினார், ஏனெண்டா பலத்தாலயும் பிழைக்கிறதாலயும் மட்டும் விளக்கப்போனா அந்தத் தோகைக்கு நியாயமே இல்ல, பறக்கவும் இடைஞ்சல், நரிக்கும் நல்ல பிடி. 1871ல வந்த புத்தகத்துலதான் விரிவா விடை சொன்னார், பெண் பாத்துத் தெரிஞ்செடுக்கிறாள் எண்டு. அந்தக் காலத்துப் பெரிய மனுசர் கனபேர் நம்பல்ல. பெட்டைப் பறவைக்கு ரசனையா எண்டு சிரிச்சாங்க. அண்ணனும் அந்த வரிசையிலதான் நிக்கிறார், நூத்தம்பது வருசம் பிந்தி.

இதைச் சோதிச்சுக் காட்டின ஆள் இருக்கார், மால்ட்டே ஆண்டர்சன், 1982, கென்யா. அங்க புல்வெளியில ஒரு கறுப்புக் குருவி, ஆணுக்கு வால் மட்டும் அரை மீட்டர் வரும். இவர் முப்பத்தாறு ஆணைப் பிடிச்சு, சிலதுக்கு வாலை வெட்டினார், வெட்டின துண்டை வேற சிலதுக்கு பசை போட்டு ஒட்டி நீளமாக்கினார், இன்னும் சிலதுக்கு வெட்டிட்டு அதையே திரும்ப ஒட்டினார், ஒட்டினதால வித்தியாசம் வந்துதா எண்டு பாக்க. நல்லாக் கேளுங்க ஐயா, இந்த வழக்கே இதுலதான் இருக்கு. வால் குட்டையான ஆண்கள் தோத்துப் போகல்ல. தங்கட எல்லையை மத்ததுகள் மாதிரியே விடாமக் காத்துச்சுதுகள். சண்டையில ஒரு குறையும் இல்ல. ஆனா புதுக் கூடுகள் கூடினது வால் ஒட்டி நீட்டினவங்கட பக்கம். பலம் அதே பலம், எல்லை அதே எல்லை, மாறினது அவள் பாக்கிற வால் மட்டும், முடிவும் மாறிட்டு!

இனி பாட்டு. நம்மட வாவியில பாடுறது மீனா ஊரி நத்தையா எண்டு கல்லடிப் பாலத்தடியில இண்டைக்கும் சண்டை, அதுக்குள்ள நான் போகல்ல. ஆனா அமெரிக்காவின் மேற்குக் கரையில மிட்சிப்மேன் எண்டு ஒரு மீன் பாடுறது நல்லாத் தெரிஞ்ச விசயம். கல்லுக்குக் கீழ கூடு தோண்டி வச்சுக்கிட்டு, ஆண் காத்துப்பையைச் சுத்தி உள்ள தசையை ஒரு செக்கனுக்கு நூறு தரமளவுல அதிர வச்சு, ராவு ராவா முனகும், படகு வீடுகள்ல இருந்த சனம் நித்திரை இல்லாமப் போச்சு எண்டு முறைப்பாடே சொன்னாங்க. அந்தக் காலம் வந்தா பெண் மீன்ட காது அந்தப் பாட்டைக் கேக்கிறதுக்கெண்டே கூர்மையாகுது. கேட்டு, வந்து, முட்டையை வச்சிட்டு அவள் போயிருவாள், முட்டையோட கிடக்கிறது பாட்டுக்காரர்தான். இன்னொண்டும் சொல்லோணும், எதிரணி சொல்ல முந்தி நானே சொல்லிர்றன்: கூடும் இல்லாம பாட்டும் இல்லாம சின்ன ஆண்கள் களவா உள்ள நுழைஞ்சு காரியம் பாக்கிறதும் உண்டு. அது என்ட கட்சிக்கு இடிதான். ஆனா அண்ணன்ட கட்சிக்கு அதைவிடப் பெரிய இடி, ஏனெண்டா அங்க ஜெயிக்கிறது அந்தக் கூட்டத்துலயே நோஞ்சான்.

குளத்துப் பக்கம் போனா தாமரை இலையில நடக்கிற இலைக்கோழி. நீளவால் உள்ளது, நம்ம குளங்கள்லயும் இருக்கு. பெண்தான் பெரிசு, பெண்தான் சண்டை பிடிக்கும், ஒரு ஆணுக்கு நாலு முட்டை வச்சுக் குடுத்துட்டு அடுத்த ஆணைப் பாக்கப் போயிரும், அடைகாக்கிறது, குஞ்சு வளர்க்கிறது எல்லாம் அவர். ஆச்சி அங்க சிரிக்கிறா, பக்கத்துல இருக்கிற அப்புச்சி சிரிக்கல்ல.

கடைசியா கடல்யானை, அண்ணன்ட துருப்புச்சீட்டு. ஆண் பெண்ணை விட மூணு மடங்குக்கும் மேல பெரிசு, கரையில ஒரு சிலதுதான் அனேகமான பெண்களோட சேரும், எல்லாம் சரி. 1977ல வந்த ஆய்வு ஒண்டு இருக்கு. தகுதி குறைஞ்ச ஆண் ஒண்டு மேல ஏறினா அவள் வாயத் திறந்து கரையே கேக்கிற மாதிரிக் கத்துவாள், மண்ணை வாரி அடிப்பாள். அந்தச் சத்தத்துக்குப் படுத்துக்கிடந்த பெரிய ஆண் எழும்பி வந்து அவனைக் கலைச்சு விடும். ரெண்டாயிரம் கிலோவை எழுப்பினது ஆர்ட குரல்?

மணி அடிக்கப் பாக்கிறீங்க ஐயா, ஒரே நிமிசம். புள்ளைகள் இருக்கிற சபை, அளவாச் சொல்றன். கோழி. காட்டுத்தனமாத் திரிய விட்ட கோழிகளை வச்சுச் செய்த ஆராய்ச்சி, 2000ல வந்தது. சேவல் பாரம் கூட, துரத்திப் பிடிச்சா கோழியால தடுக்க ஏலாது. அண்ணன்ட கணக்குல வழக்கு அதோட முடிஞ்சுது. முடியல்ல ஐயா. சேவல் இறங்கிப் போன பிறகு, தனக்கு வேண்டாத சேவல்ட விந்தை கோழி உள்ள இருந்து வெளிய தள்ளிவிடுது, அதுவும் கூட்டத்துல கீழ்மட்டத்துச் சேவல் எண்டா கூடுதலா. அவன் வெண்டுட்டன் எண்டு வேலியில ஏறிக் கூவிக்கொண்டு நிக்கிறான், இஞ்சால முட்டைக்குத் தகப்பன் ஆர் எண்டுறதை அவள் மாத்திட்டாள். இதுல பலம் எந்த இடத்துல முடிவெடுத்தது எண்டு அடுத்ததாப் பேச வாற தம்பி சொல்லட்டும், நான் போய் இருக்கிறன்.