நுரையீரலைத் தொடாமல் அதன் நோயைப் படிப்பது

எல்லோருக்கும் வணக்கம்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 120-க்கு 80 என்றால் நிம்மதியாக வீட்டுக்கு வருவோம். அது இதயத்தின் இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அழுத்தம். வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தத்துக்குத் தனி அழுத்தம் இருக்கிறது. அதன் சராசரி வெறும் 14 மில்லிமீட்டர் பாதரசம். 20-ஐத் தாண்டினாலே அது நோய் என்று 2018-ல் உலக நிபுணர்கள் கூடி முடிவு செய்தார்கள். அதற்கு முன்பு 25 என்று வைத்திருந்தார்கள். இதைத்தான் பல்மனரி ஹைப்பர்டென்ஷன் என்கிறோம், அதாவது நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். கையில் கட்டும் பட்டையில் இது தெரியாது. ரத்தக் குழாய் வழியாக இதயத்தின் வலப்பக்கம் வரை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகத் தெரியும்.

இதில் பல வகைகள் உண்டு. இடப்பக்க இதயக் கோளாறால் வருவது, நாள்பட்ட நுரையீரல் நோயால் வருவது, அடைபட்ட ரத்தக் கட்டியால் வருவது என்று போகும். நான் பேச வந்தது இன்னொரு வகையைப் பற்றி. அதில் நுரையீரலின் சின்னஞ்சிறு தமனிகளே நோயுற்று, சுவர் தடித்து, வழி குறுகிவிடுகின்றன. அந்தக் குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதுதான் முதல் அறிகுறி என்பதால் ஆஸ்துமா என்றோ ரத்தசோகை என்றோ நினைத்து மாதக்கணக்கில் போய்விடும். 1980-களில் அமெரிக்காவில் நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தபோது, நோய் உறுதியானபின் பாதிப் பேர் 2.8 ஆண்டுகளுக்குள் இறந்துபோனது தெரிந்தது. இன்று நிலைமை அதைவிட நல்லது. எப்படி நல்லதாயிற்று என்பதில்தான் என் பேச்சின் சாரம் இருக்கிறது.

எல்லா ரத்தக் குழாயின் உள்பக்கமும் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். நான் உட்படலம் என்றே சொல்கிறேன். ரத்தம் ஒட்டாமல் ஓடுவதற்கான வழவழப்பான மேல்பூச்சு, அவ்வளவுதான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணம் மாறியதற்குப் பெரிய காரணம், இந்தச் செல்களை உடம்புக்கு வெளியே வளர்க்கக் கற்றதுதான்.

1973-ல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் அவருடைய சகாக்களும் அதைச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பிரசவம் முடிந்து தூக்கிப்போடுகிற தொப்புள்கொடி. அதிலுள்ள சிரைக்குள் கொலாஜினேஸ் என்ற நொதியை நிரப்பிக் கொஞ்ச நேரம் வைத்தால் உட்படலம் மட்டும் கழன்று வரும். அதைக் கழுவி எடுத்து வளர்த்தார்கள். வளர்ந்தது உட்படலச் செல்தானா, வேறு எதுவுமா என்ற சந்தேகத்தையும் தீர்த்தார்கள். இந்தச் செல்லுக்கே உரிய வைபெல்-பலாடி துகள்கள் அதற்குள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். யாருக்கும் ஊசி குத்தாமல், யாரையும் அறுக்காமல் கிடைத்த செல்கள். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் அதே தொப்புள்கொடிச் செல்கள்தான் அதிகம் புழங்குகின்றன.

அப்புறம் வரிசையாகச் செய்திகள் வந்தன. ரத்தக் குழாயை விரிக்கும் புரோஸ்டாசைக்ளின் 1976-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, வளர்த்த உட்படலச் செல்கள் அதைத் தாமே தயாரிப்பது நிரூபணமானது. 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் தமனித் துண்டில் உட்படலம் இருந்தால்தான் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் அது தளர்கிறது, படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வதில்லை என்று காட்டினார். அந்தத் தளர்வுக்குக் காரணமான பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னால் தெரிந்தது. அதற்கு 1998-ல் நோபல் பரிசு. 1988-ல் ஜப்பானில் மசாஷி யனகிசாவாவின் குழு, பன்றித் தமனியின் உட்படலச் செல்களை வளர்த்து, அவை ஊறிக்கிடந்த திரவத்திலிருந்தே எண்டோதீலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. இது நேர் எதிர் வேலை செய்யும், குழாயை இறுக்கிச் சுருக்கும். இந்த நோய்க்கு இன்று தருகிற மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்று வழிகளில்தான் வருகின்றன. புரோஸ்டாசைக்ளின் 1995-லும், எண்டோதீலினைத் தடுக்கும் போசென்டான் 2001-லும், நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீடிக்கச் செய்யும் சில்டெனாஃபில் 2005-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். புரோஸ்டாசைக்ளின் சில நிமிடங்களில் உடம்புக்குள் சிதைந்துவிடும். அதனால் சிறிய பம்ப் ஒன்றை உடம்போடு வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஏற்றவேண்டும். நல்ல உட்படலம் தானாகச் செய்கிற வேலையை வெளியிலிருந்து செய்வது அவ்வளவு கஷ்டம்.

ஆனால் தொப்புள்கொடிக்கு இந்த நோய் கிடையாது. நோயுள்ள செல் வேண்டும். நோயாளியின் நுரையீரலில் துளையிட்டுத் திசு எடுப்பதும் ஆபத்து, அழுத்தம் ஏறிய குழாய் கசிந்தால் உயிருக்கே மோசம். மாற்று அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த நுரையீரலிலிருந்து செல்களைப் பிரிக்கலாம், பிரிக்கிறார்கள். அவை விலைமதிப்பற்றவை. ஆனாலும் அவற்றில் நாம் பார்ப்பது நோயின் கடைசிக் கட்டம். அதுவும் பல ஆண்டுகள் மருந்தில் ஊறியபிறகு. நோய் எங்கே தொடங்கியது என்பதை அவை சொல்வதில்லை.

வழி ரத்தத்திலேயே இருந்தது. நம் எல்லோர் ரத்தத்திலும் மிக மிக அரிதாக, உட்படலமாகப் பெருகக்கூடிய சில செல்கள் சுற்றுகின்றன. 2000-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹெப்பல் குழு அவற்றை வளர்த்துக் காட்டியது.

அதை எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றுகிறோம். சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். நடுவில் மங்கலான வெள்ளை வளையம் ஒன்று நிற்கும். அதை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்து, கொலாஜன் பூசிய தட்டுகளில் போட்டு, வளர்ச்சிக் காரணிகள் கலந்த மீடியத்தோடு, அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவத்தோடு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்கிறோம். முதல் வாரம் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். போட்டதில் பெரும்பாலானவை செத்து மிதக்கும். மீடியத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டாவது வாரத்தில், சில சமயம் மூன்றாவது வாரத்தில், தட்டின் ஏதோ ஒரு மூலையில் ஐந்தாறு செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நாளில் அது ஒரு கூட்டமாகி, தரையில் கல் பாவிய மாதிரி நெருக்கமாகப் பரவும். அந்தக் கூட்டம் வருவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு இன்றும் குறையவில்லை. சிலருடைய ரத்தத்தில் ஒன்றுமே வராமலும் போகும்.

வந்த செல்கள் சரியானவைதானா என்று பார்ப்பது அடுத்த வேலை. உட்படலத்துக்குரிய சி.டி.31 என்ற அடையாளப் புரதம் செல்லின் மேல் இருக்கவேண்டும், வெள்ளையணுவுக்குரிய சி.டி.45 என்ற புரதம் இருக்கக் கூடாது. அது தேறியபிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்குகிறோம்.

முக்கியமான கேள்வி 2000-ல் பிறந்தது. குடும்ப வழியில் இந்நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் பழுது இருப்பது அந்த ஆண்டு தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் நிக்கோலஸ் மோரெல் குழு, அந்தப் பழுது உள்ள நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வளர்த்த செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதை 2009-ல் காட்டியது. 2015-ல் இதே செல்களில், பி.எம்.பி.ஆர்.2 வழியாகச் செல்லுக்குச் செய்தி சொல்லும் பி.எம்.பி.9 என்ற புரதத்தைச் சேர்த்தபோது, செத்துப்போகும் செல்கள் குறைந்தன, படலம் கசியாமல் உறுதியாக நின்றது. எலிகளில் நோயே பின்வாங்கியது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த மரபணுப் பழுது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஒரே வீட்டில் ஒரே பழுதோடு பிறந்த அக்கா படுத்த படுக்கையாகவும் தம்பி நலமாகவும் இருக்கக்கூடும். ஸ்டான்ஃபோர்டில் மார்லீன் ரபினோவிச் குழு, இப்படிப்பட்ட குடும்பங்களில் இரு தரப்பாரின் செல்களையும் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, அதிலிருந்து உட்படலச் செல்களை உருவாக்கி ஒப்பிட்டது. நலமாக இருப்பவர்களின் செல்களில் பழுதை ஈடுகட்டும் வேறு மாற்றங்கள் தென்பட்டன. நோய் ஏன் வந்தது என்று மட்டும் தேடுவதைவிட, ஏன் வரவில்லை என்று தேடுவது பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன். மருந்துக்கான வழி அங்கேதான் இருக்கிறது. பி.எம்.பி.ஆர்.2 பலவீனமாகும்போது எதிர்ப்பக்கத்தில் ஓங்கி, செல்களைப் பெருகத் தூண்டும் ஆக்டிவின் என்ற புரதத்தின் சமிக்ஞையைப் பிடித்து அடக்கும் சோட்டாடெர்செப்ட் என்ற மருந்து 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் இந்த மரபணுவைப் புரிந்துகொண்டதால்தான்.

தட்டில் வளர்வது நுரையீரல் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். உடம்பில் இந்தச் செல்கள் ஒரு நொடிகூட ரத்த ஓட்டம் இல்லாமல் இருப்பதில்லை. தட்டிலோ அசையாத திரவத்தில் கிடக்கின்றன. திரவத்தை ஓடவிட்டால் ஓட்டத்தின் திசைக்கேற்ப நீண்டு படுக்கின்றன, எந்த மரபணு வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. அதனால் ஓட்டம் இல்லாமல் எடுத்த முடிவை நான் பாதி முடிவாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மீடியத்துக்கு அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவது ஃபினால் ரெட் என்ற சாயம். அதற்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் தன்மை கொஞ்சம் இருக்கிறது என்று 1986-லேயே காட்டியிருக்கிறார்கள். பெண்களை அதிகம் தாக்கும் ஒரு நோயை அந்தத் திரவத்திலேயே வளர்த்துப் படித்துவிட்டு, செல் ஆணுடையதா பெண்ணுடையதா என்றுகூடக் குறிப்பிடாமல் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. சாயமில்லாத மீடியம் கடையில் கிடைக்கிறது. வாங்கிப் பயன்படுத்தலாம். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் நாளைக்கு ஆய்வகத்துக்குப் போனால், முதல் நாளே பெட்டியில் இதை எழுதி ஒட்டிவிடுங்கள்: யாருடைய செல், ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன மருந்தில் இருந்தவர்.

மற்றவர்களுக்கு ஒன்று. காரணமில்லாமல் மூச்சு வாங்குவது வாரக்கணக்கில் நீடித்து, ஆஸ்துமா மருந்துக்கும் கேட்கவில்லை என்றால், எக்கோ எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.