பென்சில் குறி உள்ள பிரதிகளையே நான் தேடுகிறேன்

வணக்கம் நண்பர்களே. இந்த மேசையில் நான் பரப்பி வைத்திருப்பவை, 1975 தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த கணினி இதழ்கள். பழைய கணினிகளைச் சேர்க்காமல் பழைய காகிதத்தைச் சேர்ப்பதேன் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் இதழ் என்பது கணினியைப் பற்றிய செய்தித்தாளாக மட்டும் இருக்கவில்லை. கணினிக்குள் மென்பொருள் வந்து சேர்ந்த முக்கியமான வழிகளுள் ஒன்றாகவும் அது இருந்தது. அதனால்தான் இவற்றை நான் இயந்திரத்தின் உறுப்பாகவே கருதுகிறேன்.

முதலில் இதைப் பாருங்கள். 1975 ஜனவரி மாத ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’. அட்டையில் இருப்பது ஆல்டேர் 8800 என்ற கணினி. நானூறு டாலருக்குள் கிடைத்த அந்தப் பெட்டியைப் பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துப் பூட்ட வேண்டும். விசைப்பலகையோ திரையோ கிடையாது, நினைவகமும் வெறும் 256 பைட்டுதான். படத்திற்காக, அதைத் தயாரித்த நிறுவனம் இருந்த ஆல்புகெர்க்கியிலிருந்து நியூயார்க்கிற்கு அனுப்பிய முதல் மாதிரி வழியில் தொலைந்துவிட்டதால், விளக்குகளும் விசைகளும் மட்டும் பொருத்திய வெற்றுப்பெட்டியைத்தான் அட்டைக்குப் படம் பிடித்தார்கள். ஹார்வர்டு சதுக்கத்துப் பத்திரிகைக் கடையில் இந்த இதழை வாங்கிய பால் ஆலன், அதை பில் கேட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார்; பின்னாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இந்த இருவர்தான். இந்த ஒரு கதைக்காகவே இதன் விலை ஏறிக்கிடக்கிறது. என்னிடம் உள்ளது அட்டையின் ஓரம் கிழிந்த பிரதி. எனக்கு அதுவே போதும்.

அடுத்தது ‘பைட்’. நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோவிலிருந்து 1975 செப்டம்பரில் வெளிவரத் தொடங்கியது. ராபர்ட் டின்னி வரைந்த அட்டைகளுக்காக இதை வாங்குவோர் பலர். நான் இதை மதிப்பதற்குக் காரணம் வேறு. அந்த ஆண்டு நவம்பரில் இவ்விதழ் கூட்டிய சந்திப்பில்தான், சாதாரண டேப் ரெக்கார்டரில் நிரல்களைச் சேமிக்கும் கேன்சஸ் சிட்டி முறை உருவானது. பூஜ்யத்திற்கு 1200 ஹெர்ட்ஸ் ஒலி, ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸ் ஒலி, நொடிக்கு 300 பிட் வேகம். அந்த வேகத்தில் 4 கிலோபைட்டை ஏற்ற இரண்டரை நிமிடம் ஆகும்.

ஒலியாகச் சேமிக்க முடியுமென்றால் இசைத்தட்டாகவும் அச்சிடலாம் அல்லவா? 1977 மே மாத ‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’ அதைத்தான் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 6800 என்ற செயலிக்கான பேசிக் நிரல்மொழியைப் பதித்து இதழுக்குள் வைத்துக் கொடுத்தார்கள்; வாசகர் அதை இசைத்தட்டுக் கருவியில் சுழலவிட்டு, எழும் ஒலியைக் கணினிக்குள் செலுத்தினார். இந்த இதழை நான் ‘முழுமையானது’ என்ற உறுதிமொழியை நம்பி வாங்கினேன். வந்து சேர்ந்த பிரதியில் தட்டு இல்லை. அன்று எனக்குப் பெரும் வருத்தம்தான். ஆனால் நாளாக ஆக, அந்தத் தட்டை எடுத்தவர் அதை ஓட்டிப் பார்ப்பதற்காகத்தான் எடுத்திருப்பார் என்ற நினைப்பு வலுத்து, இந்தப் பிரதியின்மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டாகிவிட்டது.

இப்போது நான் அதிக நேரம் செலவிடும் இதழுக்கு வருகிறேன். 1983 ஜூலையில் தொடங்கிய ‘கம்ப்யூட்ஸ் கெசட்’, கமடோர் கணினி வைத்திருந்தவர்களுக்கானது. இதில் அச்சாகியிருக்கும் நிரல்களை வாசகர் வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் நிரல் ஓடாது என்பதால், அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சரிபார்ப்பு நிரலை வெளியிட்டார்கள். ஒரு வரியை அடித்து முடித்ததும் திரையில் ஓர் எண் தோன்றும். அது இதழில் அச்சான எண்ணோடு ஒத்திருந்தால் வரி சரி. எழுத்துகளின் மதிப்பைக் கூட்டிப் பார்ப்பதோடு அது நின்றுவிட்டதால், இரண்டு எழுத்துகள் இடம் மாறி விழுந்திருந்தால் மட்டும் அதற்குத் தெரியாது. 1984 ஜனவரியில் ‘ஸ்பீட்ஸ்கிரிப்ட்’ என்ற சொற்செயலி வந்தது. ஏறத்தாழ 5 கிலோபைட் அளவுள்ள அந்த நிரல் முழுவதும் எண்களாகவே அச்சாகியிருந்தது. வரிக்கு ஆறு எண்கள், ஏழாவதாக ஒரு சரிபார்ப்பு எண். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து அதை அடித்து ஏற்றியிருக்கிறார்கள்.

இதோ, என் பிரதியின் இந்தப் பக்கத்தைக் கேமராவிற்கு அருகில் காட்டுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதை அடித்து முடித்தவர் இட்ட ஒரு சிறு பென்சில் குறி இருக்கிறது. இந்த இதழ்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. தகவல் மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும், பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் அங்கே இருப்பது வேறொருவரின் பிரதி. இந்தக் குறிகளை அங்கே பார்க்க முடியாது. பிரிக்கப்படாத, மாசற்ற பிரதிக்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். அதை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். நிரலுக்காக வாங்குவதென்றால் அடுத்த இரண்டு மூன்று மாத இதழ்களையும் சேர்த்து வாங்குங்கள், ஏனெனில் அச்சுப்பிழைத் திருத்தங்கள் பிந்தைய இதழ்களில்தான் வந்தன. தடித்த இதழ்களின் முதுகுப் பசை காய்ந்திருக்கும். அவற்றை முழுவதுமாக விரித்து நகலெடுத்தால் பக்கங்கள் கழன்றுவிடும். பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள், அவை காலப்போக்கில் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறையும், பின்னால் அமிலமற்ற அட்டையும், ஈரமில்லாத அலமாரியும் போதுமானவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் எவரிடமேனும் அந்த 1977 மே மாதத் தட்டு தனியாகக் கிடந்தால், தயவுசெய்து அதை மடிக்காமல் தட்டையாக வைத்து, முதலில் அதன் ஒலியைப் பதிவு செய்து வையுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். தட்டை இழந்த இதழ் இங்கே என்னிடம் இருக்கிறது.