மலையிடுக்கில் கூட்டமாக ஒரு பகல் நடை: இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

[காட்சி: மேலிருந்து ட்ரோன் பார்வை. இருபுறமும் மரம் அடர்ந்த பாறைச் சுவர், அடியில் ஆறு.]

மலையேறிப் பழகியவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. கஷ்டம் முதலில், இறக்கம் பிறகு. முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். ஆறு அறுத்த மலையிடுக்கில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். காலையில் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவோம். ஏற வேண்டியது கால் சோர்ந்த பிறகு, மாலையில். கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள சமாரியா இடுக்கு ஒரு விதிவிலக்கு: சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கினால் கடல், அங்கிருந்து படகு. அதிலும் முழங்கால் தன் பங்குக்கு அழும், அது வேறு கதை.

[காட்சி: இடுக்கின் குறுக்குவெட்டு அனிமேஷன்.]

ஆறு அடிப்பாறையை அறுக்கும் வேகத்துக்குப் பக்கச் சுவர்கள் சரிந்து அகலாவிட்டால் இடுக்கு உண்டாகிறது. தண்ணீர் தனியாக அறுப்பதில்லை. அது உருட்டி வரும் கல்லும் மணலும்தான் அரம். வழியில் பாறையில் ஆட்டுக்கல் குழி மாதிரி வட்டமாகக் கடைந்த பள்ளங்களைப் பார்ப்பீர்கள். சுழலில் மாட்டிய கூழாங்கற்கள் சுற்றிச் சுற்றி அரைத்தவை அவை. சிலவற்றின் அடியில் அரைத்த கல்லே கிடக்கும். எல்லோரையும் நிறுத்திக் காட்ட வேண்டிய இடம் இது.

[காட்சி: பெரணி, பாசி படர்ந்த சுவர், மெல்ல மேலே நகரும் கேமரா.]

தாவரங்களும் இங்கே தலைகீழாக நிற்கலாம். மலையில் உயரப் போகப் போகத்தான் குளிர் விரும்பும் மரங்கள் வரும். ஆழமான இடுக்கில் குளிர்ந்த காற்று அடியில் தேங்குகிறது, வெயில் சில மணி நேரமே எட்டுகிறது. அதனால் ஈரமும் குளிரும் கேட்கும் செடிகள் கீழே, வறட்சி தாங்குபவை மேல் விளிம்பில். அழகுதான், ஆனால் அதே ஈரம்தான் பாறையை வழுக்க வைக்கிறது.

[காட்சி: வரைபடம், ஓரத்தில் கடிகாரம்.]

இனி நேரம். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு விதி சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி 10 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். வேரும் ஈரப்பாறையும் நிறைந்த பாதையில், பதினைந்து பேருடன், அதை இரட்டிப்பாக்குவேன். ஒருவர் ஷூ கயிறு கட்ட நின்றாலும் பின்னால் வரிசையே நிற்கும்.

வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்னால் போகிறவர் அல்ல, மெதுவாக வருபவர். அவரை லீடருக்கு அடுத்து நடக்க விடுங்கள். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணுங்கள். செங்குத்துச் சுவர்கள் வானத்தை மறைப்பதால் ஜிபிஎஸ் தடுமாறும், போனில் சிக்னல் போய்விடும். ஆற்றிரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. ஆளுக்கொரு விசில் வேண்டும். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஊதுங்கள். டார்ச்சும் ஆளுக்கொன்று, கீழே சீக்கிரமே இருட்டும்.

[காட்சி: தெளிந்த நீர் மெல்லக் கலங்குகிறது.]

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். தலைக்கு மேல் நீல வானம் தெரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மழை பல கிலோமீட்டர் மேலே பெய்திருக்கலாம். 2018 ஆகஸ்டில் தெற்கு இத்தாலியின் ரகனெல்லோ இடுக்கில் திடீர் வெள்ளம் நடைக் குழுக்களை அடித்துச் சென்றது. 10 பேர் இறந்தார்கள். ஆகவே கிளம்புமுன் பார்க்க வேண்டியது ஆறு பிறக்கும் பக்கத்து வானிலை.

ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ, கணக்குப்படி 64 மடங்கு. வெள்ளத்தில் கல்லும் மரமும் சேர்ந்து வருவது இதனால்தான். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தால், இரைச்சலின் தொனி மாறினால், படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆற்றோரமாக ஓடவும் வேண்டாம். பக்கவாட்டில் மேலே ஏறுங்கள்.

[காட்சி: மேட்டில் உட்கார்ந்திருக்கும் குழு, கீழே கலங்கிய வெள்ளம்.]

அப்போது வரும் பெரிய சபலம், அக்கரைக்குப் போய்விட்டால் வண்டியைப் பிடித்துவிடலாம் என்பது. லீடர் கறாராக இருக்க வேண்டிய நேரம் அது. சிறிய மலை ஆறுகள் மழை விட்டதும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியத் தொடங்கிவிடும். மேட்டிலேயே இருங்கள், உலர்ந்த துணி மாற்றுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். நீர்மட்டம் தெரிய, விளிம்பிலுள்ள ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு அது வெளியே வருகிறதா என்று பாருங்கள்.