கார்த்திகைப் பூவின் நஞ்சும் கலப்பிரிவும்

[காட்சி: வேலியில் படர்ந்த கார்த்திகைக் கொடி]

மாரி தொடங்கினால் மட்டக்களப்பின் பற்றைகளிலும் வேலிகளிலும் ஏறிப் பூக்கும் கொடி இது. கிழங்கைத் தின்றால் உயிர் போகும், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு கொல்கிசின். ஒரு கலம் எப்படி இரண்டாகிறது என்ற இரகசியத்தைத் திறந்து தந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

[காட்சி: நுணுக்குக்காட்டியில் வெங்காய வேர்நுனி]

உயர்தர மாணவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானது. கொல்கிசின் பட்ட கலத்தில், மரபுத் தகவலைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் தடித்துத் தெளிவாகத் தெரியும். ஆனால் பிரிந்து போகா. 1956இல் மனித நிறமூர்த்தங்கள் 48 அல்ல, 46 என்று சியோ, லெவான் என்ற ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியது, இப்படி நிறுத்திவைத்த கலங்களில்தான்.

ஏன் பிரியவில்லை? 1967இல் போரிசியும் டெய்லரும் கதிரியக்க அடையாளமிட்ட கொல்கிசின் எதில் ஒட்டுகிறது என்று தேடினார்கள். அகப்பட்ட புரதத்தை இன்று டியூபியூலின் என்கிறோம். நிறமூர்த்தங்களை இழுக்கும் கதிர்நார்கள் இதனால் ஆன நுண்குழாய்களே; இதில் கொல்கிசின் ஒட்டினால் அவை உருவாகா. இயல்பான கலத்தில் அவை சும்மா நிற்பதில்லை: வளரும், திடீரென உதிரும், மறுபடி வளரும். மிச்சிசனும் கிர்ஷ்னரும் 1984இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிகப் பிடித்தது. நார்கள் இப்படித் துழாவித்தான் நிறமூர்த்தங்களைப் பிடிக்கின்றன.

[காட்சி: அசைவூட்டம், இரு முனைகளிலிருந்தும் நார்கள்]

நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரு அணிகளும் இருபுறமும் இழுப்பதைப் போல, பிரிவுக்கு முன்பே இரட்டிப்பான ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் இரண்டு பிரதிகளும் எதிரெதிர் முனைகளுக்கு இழுபடுகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம்: கொம்பு பலத்தால் முறிகிறது. இங்கே இழுவை மட்டும் போதாது. பிரதிகளைக் கட்டியிருக்கும் கொகெசின் என்ற புரதம் வெட்டப்பட வேண்டும்.

அந்த வெட்டு எப்போது விழும்? ஒரேயொரு நிறமூர்த்தம் சரியாகப் பிடிபடாவிட்டாலும் கலம் பொறுத்திருக்கும். 1995இல் ரீடரின் குழு, ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டிருந்த கடைசி நிறமூர்த்தத்தில், நார் சேராத மறுபக்கப் பிடியிடத்தை (நார் வந்து பற்றும் இடத்தை) லேசரால் அழித்தது. நிறமூர்த்தம் அப்போதும் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் கலம் பிரியத் தொடங்கியது! ‘பொறு’ என்ற சைகையை அனுப்பிக்கொண்டிருந்தது அந்த வெறும் பிடியிடமே என்பது அப்படித் தெளிவானது. கொல்கிசின் பட்ட கலம் நின்றுபோவதும் இதனால்தான்: நார்களே இல்லாததால் எல்லாப் பிடியிடங்களும் ‘பொறு’ என்கின்றன.

[காட்சி: நிறமூர்த்தங்கள் பிரியும் கணம்]

இயல்பான கலத்தில் கடைசிப் பிடியிடத்திலும் நார் சேர்ந்ததும் சைகை அடங்கும். செப்பரேஸ் என்ற நொதியம் கொகெசினை வெட்டும். மனிதக் கலமானால் 46 நிறமூர்த்தங்களின் பிரதிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விலகி, இரு முனைகளுக்கும் நகரும்.