வட்டிக்காசில் வளர்ந்த தத்துவம்

நண்பர்களே, தத்துவத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் அரசாங்கத்தைக் கைகாட்டுவோம், மீதிப்பேர் சிரிப்போம். ஜப்பானில் ஒசாகா நகரத்தில் அதற்குக் காசு கொடுத்தவர்கள் வியாபாரிகள். 1724-ல் ஊரின் பெரும்பகுதியைத் தீ தின்று தீர்த்திருந்தது. அதே வருஷம் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து கைதோகுதோ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்தில் அன்றைக்கு நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு அங்கீகாரமும் வந்துவிட்டது. ஆனால் பள்ளியை ஓட்டியது அரசு அல்ல. இவர்கள் முதல் போட்டு அதைப் பெருக்கி, வந்த வட்டியில்தான் வாத்தியார் சாப்பிட்டார், கூரை நின்றது.

1726-ல் அங்கே தொங்கவிட்ட விதிப்பலகையைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. புத்தகம் இல்லாதவர்களும் வந்து கேட்கலாம். அவசர வேலை வந்தால் பாடத்தின் நடுவிலேயே எழுந்து போகலாம். (கடையைப் போட்டுவிட்டு வருகிறவனுக்கு வேறு எப்படி விதி எழுதுவது?) போர்வீரர் குலத்துச் சாமுராய்க்கு மேலான இருக்கை உண்டு, மறுக்கவில்லை, ஆனால் பாடம் தொடங்கிய பிறகு வந்தால் அந்த வித்தியாசம் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து எப்படிப்பட்ட ஆட்கள் வந்தார்கள் தெரியுமா? அந்த ஐந்து பேரில் ஒருவர் சோயா சாஸ் வியாபாரி, அவர் மகன் தோமினாகா நகமோதோ. பௌத்த சூத்திரங்கள் எல்லாமே புத்தர் வாயால் சொன்னவை அல்ல, பின்னால் வந்த ஒவ்வொரு பிரிவும் முன்னதை மிஞ்சுவதற்காக மேலே ஒரு அடுக்கு ஏற்றிக்கொண்டே போனது என்று 1745-ல் எழுதினார். அடுத்த வருஷம் இறந்துபோனார், முப்பது வயதை ஒட்டி. இன்னொருவர் யமகதா பந்தோ, ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் தலைமைக் கணக்கர். சூரியனைத்தான் பூமி சுற்றுகிறது, பேய் என்று ஒன்று கிடையாது என்று எழுதியவர், கடைசிக் காலத்தில் கண் பார்வையும் போய்விட்டது.

சரி, இதெல்லாம் பத்திரமாக இருந்ததா? தோமினாகா கன்பூசியத்தை, அதாவது சீன ஞானி கன்பூசியஸின் தத்துவத்தை, விமர்சித்து எழுதிய நூல் இன்றுவரை கிடைக்கவில்லை. 1746-ல் அச்சான அவருடைய இன்னொரு நூல் நெடுங்காலம் ஆள் கண்ணில் படாமல் கிடந்து 1924-ல்தான் மீண்டும் வெளியே வந்தது. பள்ளியே 1869-ல் மூடப்பட்டது. நிஷிமுரா தென்ஷூ என்ற பத்திரிகையாளர் பத்திரிகையில் எழுதி எழுதி ஊரைக் கிளப்பிவிட, நகரத்தார் பணம் திரட்டி 1916-ல் திரும்பக் கட்டினார்கள். 1945 குண்டுவீச்சில் அதுவும் எரிந்தது, கான்கிரீட்டில் கட்டியிருந்த நூலகக் கட்டடம் மட்டும் தப்பியது. அந்தக் கட்டடத்தின் புண்ணியத்தில்தான் 1949-ல் சுமார் 36,000 நூல்கள் ஒசாகா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் கவலை தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. 2004-ல் தேசியப் பல்கலைக்கழகங்கள் தனி நிறுவனங்களாக மாறின, அதற்குப் பிறகு அரசு மானியம் தேய்ந்துகொண்டே வந்தது. 2015 ஜூனில் கல்வி அமைச்சகம் தத்துவம், வரலாறு, இலக்கியம் போன்ற மானுடக் கல்வித் துறைகளையும் சமூக அறிவியல் துறைகளையும் மூடுவதையோ மாற்றியமைப்பதையோ யோசியுங்கள் என்கிற தொனியில் சுற்றறிக்கை விட்டது. அந்த செப்டம்பரில், நாங்கள் இதைக் கேட்கவில்லையே என்று அறிக்கை விட்டது யார் தெரியுமா? கெய்தான்ரென், அதாவது பெருமுதலாளிகளின் கூட்டமைப்பு!

என் கட்சி இதுதான். பழைய ஏடுகளைப் படம் பிடிக்கப் பணம் கேட்டால் யாராவது கொடுத்துவிடுவார்கள், திறப்பு விழா வைக்கலாம், புகைப்படம் வரும். ஒசாகாவிலும் 2001-ல் பல்கலைக்கழகத்தின் 70-ஆம் ஆண்டையொட்டி அந்த வேலை நடந்தது, நல்ல வேலைதான். ஆனால் தூரிகையில் இழுத்து எழுதிய அந்தப் பழைய கையெழுத்தையும், சீன நடையில் இருக்கும் அந்த உரைகளையும் உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டுமே. ஒரு ஆள் அதற்குத் தேறப் பல வருஷம் ஆகும், நன்கொடைத் திட்டமோ இரண்டு மூன்று வருஷத்தில் கணக்கு கேட்கும். அந்த ஐந்து வியாபாரிகள் கட்டடத்தோடு நிறுத்தவில்லை, முதல் பணத்தைத் தொடாமல் வைத்து வருஷா வருஷம் வாத்தியாருக்குச் சோறு போட்டார்கள். இன்றைக்குப் பணம் கொடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது, ஸ்கேனர் வாங்கித் தராதீர்கள், ஒரு பேராசிரியர் நாற்காலிக்கு நிரந்தரமாகச் சம்பளம் வருகிற மாதிரி ஒரு முதல் பணத்தைப் போட்டுவிட்டுப் போங்கள், அதில் யார் உட்கார வேண்டும் என்பதைத் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.